பிசிர் வெட்டிய காந்தள்

“அக்கா, பூஜைக்கு வேலியையும் சேத்து சுத்தம் பண்ணிட்டேன்!”

பனியன்களில் நூல் பிசிர் வெட்டும் வேல்விழி பெருமையாகச் சொன்னதும் இந்துமதி கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

அருள்புரத்தில் அவளும் அண்ணன் தனபாலும் நடத்தும் பனியன் கம்பெனி அது. பின்னால் கிளுவைச் செடி வேலி. அமராவதிக் காட்டோரப் புதர்களில் ஏறிக் கிடக்கும் செங்காந்தள், இந்த வட்டாரத்தில் மிச்சமிருந்தது அந்த வேலியில்தான். வேலியைப் பிடுங்கி மதில் கட்டத் துடித்தான் தனபால்.

“வருசா வருசம் வெட்டியுட்டா எங்கீங்ணா பூக்கும்?” என்று அவள் சண்டை பிடித்ததில், “செரி அம்மிணி, ஆயுதபூஜைக்குப் பூத்தா வேலி நிக்கட்டும். இல்லீன்னா மறுநா பொக்லைன்தான்” என்றிருந்தான்.

மொக்கு விட்ட கொடி இப்போது தரையில் சரிந்து கிடந்தது.

“இலை நுனியெல்லாம் சுருண்டு நூலு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பிசிரு வெட்டுற கை, சும்மா இருக்குமாக்கா?”

“அதுதான் புள்ள அதுக்குக் கை! அதுல புடிச்சுத்தான் மேல ஏறும்!”

வேல்விழியின் முகம் வெளிறியது. தெற்கே மேகம் கறுத்து வந்தது. கொடி சேற்றில் கிடந்தால் மொக்கு அழுகிவிடும்.

“கட்டிங் வேஸ்ட் மூட்டையத் தூக்கிட்டு வா புள்ள!”

மூட்டையிலிருந்த இழுபடும் ரிப் துணிக் கீற்றுகளால் தண்டு நெரியாமல் கிளுவையோடு கட்டினார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள். கடைசி முடிச்சு விழவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது.

தனபால் எட்டிப் பார்த்தான். “ஏனம்மிணி, வேலிக்கே பனியன் போட்டுட்டீங்களாட்ட!”

ஆயுதபூஜைக் காலை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. கற்பூரம் அணைந்தது. தனபால் செல்போனை எடுத்தான்.

“பொக்லைனுக்குச் சொல்லிரட்டுமா அம்மிணி?”

“அக்கோவ்!” பின்பக்கமிருந்து வேல்விழியின் கூச்சல்.

மொத்தக் கம்பெனியும் ஓடியது. தலைகீழாகத் தொங்கிய பூ, இதழ்களை மேல்நோக்கி மடித்து நெருப்பாக நின்றது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. ஒன்றல்ல, வேலி நீளத்துக்கும்!

தனபால் வாய் பிளந்தான். “நம்மூட்டு வேலியா இது? சந்தனக் கிண்ணத்த எடுத்துட்டு வா அம்மிணி, வேலிக்கும் பொட்டு வெக்கோணும்.”

இந்துமதி அசையவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மொதல்ல பொக்லைன்காரருக்குப் போனப் போடுங்ணா. ஸ்பீக்கர்ல.”

போட்டான். “பொக்லைன் வேண்டாம்ங்க, வேலி நிக்குதுங்க” என்றான். கம்பெனி ஆட்கள் அடித்த விசில் சத்தத்தில் எதிர்முனைக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழிய மறுபடியும் சொன்னான்.