பிள்ளையாருக்கு முடிந்த ஐம்பது சதம்

சிட்னியின் செவன் ஹில்ஸ் ஸ்டேஷன் ஏற்றத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வெள்ளி நாணயம் தானாக உருண்டு ஏறி, சிவபாதசுந்தரம் வேலை செய்யும் மளிகைக் கடைக்குள் நுழைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கும். பச்சை வந்தால் கடக்கும். அந்த ஒழுங்கு அங்கே கார் ஓட்டுகிறவர்களிடம்கூடக் கிடையாது.

2013இல் இலங்கையிலிருந்து படகில் வந்த அவரைத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்ட முதல் வாரம், மீதிக்காசில் கிடைத்த ஐம்பது சதக் காசு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து, வவுனியாவில் விட்டுவந்த மனைவி நிரஞ்சினி வந்துசேர வேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்துவைத்தார். இந்த நாட்டு ஐம்பது சதத்துக்குப் பன்னிரண்டு பக்கம் என்பது பாவம் மனிதருக்குத் தெரியாது. அவர் முடிந்தது வட்டக்காசு. அடுத்த செவ்வாயே அதன் உறவுகள் தேடி வரத் தொடங்கிவிட்டன. 1966இல் மட்டும் வெள்ளி கலந்து அடித்த காசு அது என்றும், வெள்ளி விலை ஏறியதும் சனம் பதுக்கிவிட்டது என்றும், இப்போது வருடத்துக்கு ஒன்று கண்ணில் பட்டாலே பெரிய காரியம் என்றும் முதலாளி கணேசலிங்கம் விளக்கினார். விற்றுவிடச் சொன்னார்.

“அது பிள்ளையாற்ற காசு அண்ணை. விக்கிறதுக்கு நான் ஆர்?”

பன்னிரண்டு வருடத்தில் நான்கு பால்மா டின்கள் நிறைந்தன. நிரந்தர விசா கிடைத்து, மனைவிக்கு விண்ணப்பித்து, அதற்குப் பதிலே வராத நாட்களில், ஒரு செவ்வாய் காசும் வரவில்லை. சிவபாதசுந்தரம் வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்தார். பிள்ளையாரும் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தார். மாலையில் தொலைபேசி அடித்தது. நிரஞ்சினி.

“இஞ்சேருங்கோ, காலமை ஒரு வெள்ளிக்காசு உருண்டு வந்து எங்கட படலை வாசலில நிண்டது. பின்னால விசாக் கடிதமும் வந்திட்டுது.”

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

நிரஞ்சினி அந்தக் காசைக் கையில் பொத்திக்கொண்டே வந்து இறங்கினாள். முடிச்சை அவிழ்த்து, நேர்ந்த காசைக் கோயில் உண்டியலில் போட்டார்கள். டின்களை என்ன செய்வதென்று அவள்தான் சொன்னாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மயூரா மரக்கறி வாங்க வந்தபோது, அவளுடைய கணவன் இன்னும் முல்லைத்தீவில் இருப்பதை அறிந்து, சிவபாதசுந்தரம் மீதிக்காசோடு டின்னிலிருந்து ஒரு வட்டக்காசையும் கொடுத்தார்.

“இதைச் செலவழிச்சுப் போடாதையும் தங்கச்சி. மஞ்சள் துணியில முடிஞ்சு வையும்.”

அடுத்த செவ்வாய் ஒரு நாணயம் ஏற்றத்தில் உருண்டு வந்தது. கடைப் பக்கம் திரும்பவில்லை. முதியோர் இல்லம் இருக்கும் தெருவுக்குத் திரும்பும் விளக்கில் நின்றது. கணவனும் மனைவியும் வாசலுக்கு வந்து, பச்சை விழும்வரை அதற்குத் துணையாக நின்றார்கள்.