எதிரியின் நஷ்டத்தை வாங்கியவர்

என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் ஆகாது. சொத்துத் தகராறு இல்லை; வீடியோ கேம் பெட்டிதான் காரணம். இவர் ஒரு கம்பெனியில் விற்பனைத் தலைவர், என் கொழுந்தன் போட்டிக் கம்பெனியில் அதே பதவி. இரண்டு கம்பெனிகளும் பெட்டியை அடக்க விலைக்குக் கீழேதான் விற்றன. விட்டதை விளையாட்டுகளை விற்றுப் பிடிப்பார்கள்.

அந்த வருடம் இரண்டு பெட்டியுமே கடைகளில் தூங்கின. கணக்கு முடிவதற்குள் நிலைமை மாறாவிட்டால் பெட்டிப் பிரிவையே மூடிவிடுவதாக இவருடைய முதலாளி சொல்லிவிட்டார். இவர் வேலையும் அதோடு போகும்.

அப்போது உதித்தது அந்த யோசனை. தம்பி கம்பெனிக்குப் பெட்டிக்குப் பெட்டி நஷ்டம். அதை நாமே வாங்கிக் குவித்து, ஒரு விளையாட்டுகூட வாங்காமல் போட்டுவைத்தால்?

"அவன் விக்க விக்க அழணும்," என்றார் என்னிடம். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

விளம்பரச் செலவு என்று எழுதி, கடை கடையாக ஆள் அனுப்பி வாங்கினார். குடோன் கூரை வரை அடுக்கினார்கள். கடைகளில் தம்பியின் பெட்டி காணாமல் போயிற்று. காணாமல் போனதும்தான் ஜனங்களுக்கு அதன் மேல் ஆசை வந்தது. வரிசையில் நின்றார்கள். விற்பனையில் அதுவே முதலிடம் என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்துவிட்டு, இரண்டு பெட்டிக்கும் விளையாட்டு செய்துகொண்டிருந்தவர்கள் இனி அதற்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். விளையாட்டு இல்லாத பெட்டியை யார் சீந்துவார்கள்?

இவருடைய பெட்டிப் பிரிவை மூடும் செய்தி வந்த அன்று கொழுந்தன் போன் செய்தான். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, அத்தனை பெட்டி வித்தோம், பாதிக்கு மேல ஒரு தடவைகூட இன்டர்நெட் பக்கம் வரல. யாரு வேலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. முதலாளி நிறுத்தச் சொன்னாரு. நான்தான், வாங்கட்டும் சார், எங்க அண்ணன்தான்னேன்."

இவர் போனை வைத்துவிட்டார்.

கம்பெனி இவருக்குக் கொடுத்த கடைசி வேலை, குடோனில் கிடந்தவற்றை விற்றுக் காசாக்குவது. தம்பியின் பெட்டியை, அதற்காக வரிசையில் நின்ற ஜனங்களுக்கு, இவரே நின்று விற்றார். ஒரு வாரத்தில் குடோன் காலி. வாங்கியவர்கள் கையோடு விளையாட்டுகளையும் வாங்கினார்கள். அந்த லாபமும் தம்பி கம்பெனிக்கே போயிற்று. அதன் பிறகு இவர் எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. அடுத்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

துக்கத்துக்குக் கொழுந்தன் வந்தான். எல்லோரையும் போலக் கொஞ்ச நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு, "அண்ணன் மாதிரி எங்க பெட்டிய வித்தவங்க யாருமில்ல அண்ணி," என்றான்.

எழுந்து போகச் சொன்னேன். சொந்தக்காரர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.