முப்பத்தொரு கோப்புகள்

மைத்துனன் மெமரி கார்டை ஒரு காகித உறையில் போட்டு அவரிடம் கொடுத்தான். உறையின் மேல் ‘அக்கா’ என்று மட்டும் எழுதியிருந்தது.

அவனுக்கு வீடியோ எடுப்பது தொழில். அவன் அக்கா, அவருடைய மனைவி, படுக்கையில் கிடந்த நான்கு மாதமும், பார்க்க வரும்போதெல்லாம் கேமராவும் கூட வந்தது. “இந்த மூஞ்சியை எதுக்குடா எடுக்கிறே” என்பாள். சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொள்வாள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகியும் யாரும் அந்த வீடியோக்களைத் திறக்கவில்லை. போன வாரம் மகள் கேட்டாள். பன்னிரண்டு வயது.

“அம்மா குரல் மறந்துபோற மாதிரி இருக்குப்பா.”

அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். அட்டையில் இருக்கும் பெயரை இரண்டு முறை படிக்காமல் யாருக்கும் மாத்திரை கொடுத்ததில்லை. வீட்டில் அவருக்கு ‘டபுள் செக்’ என்று பெயர். வைத்தவள் மனைவி.

ஞாயிறு காலை கார்டில் இருந்த முப்பத்தொரு கோப்புகளையும் கணினியில் ஏற்றினார். எடிட்டிங் மென்பொருளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மைத்துனனுக்குப் போன் செய்தார்.

“அது அப்படித்தான் அத்தான். கேமரா பேசுற பாஷை வீட்டு சாஃப்ட்வேருக்குப் புரியாது. கன்வர்ட்டர் ஒண்ணு இறக்கி மாத்தணும். நானே மாத்தித் தர்றேனே.”

“வேணாம். நான் பாத்துக்கிறேன்.”

“அதுவும் சரி. நீங்க செஞ்சா நான் திரும்பிப் பாக்கவே வேணாம்.”

அவள் பேசியதை இன்னொருவர் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. மைத்துனனே ஆனாலும்.

இலவசக் கன்வர்ட்டர் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு கோப்பை ஆரம்பிக்கும்போதும் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது. பெரிதாக ஐம்பது சதவீதம். அதன் கீழே பொடி எழுத்து. மருந்துக் கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் அனுப்பும் தள்ளுபடி நோட்டீஸும் இப்படித்தான் இருக்கும். பாதி விலைக்கு விற்கிறான் போல என்று மூடினார். முப்பத்தொரு முறை மூடினார்.

மாலைக்குள் முடிந்தது. ஒவ்வொன்றையும் திறந்து இருபது விநாடி பார்த்தார். முகம் வந்தது, சத்தம் வந்தது. ஒரு தாளில் வரிசையாக டிக் போட்டார். பிறகு இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தார், அதே இருபது விநாடிகளை. கணினியில் இடம் நிரம்பியிருந்தது. கார்டிலிருந்து ஏற்றிய மூலக் கோப்புகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தார்.

“எல்லாம் வந்துடுச்சு. கார்டை எடுத்துக்கோ” என்று மைத்துனனிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வீடியோவில் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கிய கதை. எந்தக் கடை, யார் கூடப் போனார்கள், அன்றைக்கு மழை. மகள் சிரித்தாள். ஸ்கூட்டர் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் படம் நின்றது.

“அடுத்ததைப் போடுப்பா.”

அடுத்ததும் நின்றது. அதற்கடுத்ததும். ஆறாவதற்குப் பிறகு அவர் கன்வர்ட்டரைத் திறந்து சிவப்புப் பெட்டியின் பொடி எழுத்தைப் படித்தார். இலவசப் பதிப்பு ஒவ்வொரு கோப்பிலும் முதல் பாதியை மட்டுமே மாற்றும்.

இரண்டாவது முறையும் படித்தார்.

மனைவி எதையும் நேராகச் சொன்னவள் இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்பதற்கே தெருவைச் சுற்றி வருவாள். “தலையைச் சொல்லு, வாலைச் சொல்லு, நடுவுல ஆளை விடு” என்று அவர் கேலி செய்வார். அவளிடம் விஷயம் எப்போதும் கடைசியில்தான் இருந்தது.

கடைசி வீடியோவில் நீலச் சால்வை போர்த்தியிருந்தாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள். “பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” பிறகு மகளின் முடியைப் பற்றி, ஸ்கூல் பை கிழிந்ததைப் பற்றி, அப்பாவைக் கடையிலிருந்து நேரத்துக்குக் கிளப்புவது பற்றி. நான்கு நிமிடம். “சரி, விஷயத்துக்கு வர்றேன்” என்றாள். அதோடு நின்றது.

அவர் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“கார்டு இருக்கா?”

“அதுலதான் நாலு ஃபங்ஷன் எடுத்தேன். ஏன் அத்தான்?”

சொன்னார்.

“மேல மேல பதிஞ்சாச்சு. ஒண்ணும் தேறாது.”

“நீலச் சால்வை போட்டிருந்தாளே, அன்னைக்குப் பாப்பாவுக்கு என்ன சொன்னா?”

“நான்…” என்று ஆரம்பித்தான். “நான் சவுண்டு மீட்டரைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவ குரல் ரொம்ப இறங்கிப்போச்சு. ஏறுதா, ஏறுதான்னு அதையே பாத்தேன். வார்த்தையைக் கேக்கல அத்தான். அதான் பதியுதேன்னு இருந்துட்டேன்.”

திரும்பி வந்தபோது மகள் அதே இடத்தில் இருந்தாள்.

“மாமாவுக்குத் தெரியுமாமா?”

“தெரியாதாம்.”

“நீ அன்னைக்கு எங்க இருந்தே?”

“கடையில.”

அவள் மேஜை விளிம்பைச் சுரண்டினாள். “நீ அழிக்காம இருந்திருக்கலாம்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

அவர் முப்பத்தொன்றையும் வரிசையாக அடுக்கிச் சேர்த்தார். ஒவ்வொன்றும் முடியும் இடம் அறைந்தது போல இருந்தது. மென்பொருளில் படம் மெல்ல இருண்டு, குரல் மெல்லத் தேய்ந்து முடியும்படி ஒரு வசதி இருந்தது. எல்லாவற்றுக்கும் அதைப் போட்டார். ஓட்டிப் பார்த்தார். கண்ணுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு முடிவிலும் இரண்டு விநாடியை விழுங்கியது. நீலச் சால்வை இருளுக்குள் போனபோது ‘வர்றேன்’ கேட்கவில்லை.

முதலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றிலிருந்தும் அந்த இருட்டை நீக்கினார்.