மூன்று வாரத் தண்ணீர்

"பிச்சிச் செடிக்கு யாருடா தண்ணி விடுவா?" என்றாள் நாகலக்ஷ்மி.

அவள் கணவர் கல்யாணராமன் காலமாகிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. கோட்டைக்குள் இருந்த வீட்டைப் பூட்டி அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக மகன் சுமந்த் நின்றான். அவள் அழவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

"அடுத்தாத்துல சொல்லலாமே."

"அவாளும் ஊர்ல இல்லை. கும்ப மாச வெயில், நாலு நாள் தாங்காது, கேட்டியா."

"அவ்வளவுதானே? தானாக் குடிக்கப் பண்ணிட்டாப் போச்சு."

கொல்லையில் கிடந்த பழைய பெயிண்ட் வாளியைக் கழுவினான். "கீழே வாளி நிறையத் தண்ணி. மூடியில ஓட்டை, அது மேல தொட்டி. தொட்டி அடியிலேருந்து ஒரு திரி தண்ணிக்குள்ள தொங்கும். மண்ணு காயக் காய, திரி இழுத்துக் குடுக்கும்."

"விளக்கு மாதிரி."

"அதேதான். பருத்தித் திரியா ஒண்ணு கோத்து வை. நான் மூடியை அறுத்துண்டு வரேன்."

கோத்தாள். பிச்சியைத் தொட்டியில் மாற்றி நட்டு வாளிமேல் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. தண்ணீர் மட்டத்துக்கு அடையாளமாகச் சுமந்த் வாளியில் போட்டிருந்த கோட்டிலிருந்து தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. திரியை உருவி மோந்து பார்த்தான்.

"அம்மா! நல்லெண்ணெய்!"

"அப்பா தலைமாட்டு விளக்குக்குத் தோய்ச்சு வெச்சது. மிச்சம் இருந்தது."

"எண்ணெயில ஊறின திரி தண்ணியை எப்படி இழுக்கும்? வரப்பிடாதுன்னு வேணும்னே பண்ணினியா?"

யோசித்துப் பார்த்தாள். "தெரியலைடா."

"அப்பா வேஷ்டி ஒண்ணு எடு. ஓரத்தைக் கிழி."

கிழித்தாள். சத்தம் கேட்டது. வேறொன்றும் தோன்றவில்லை. சுமந்த் அதைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தானே கோத்தான்.

மறுநாள் காலை தண்ணீர் கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது. மண் ஈரமாக இருந்தது.

"குடிக்கறது! இனிமே என்ன சாக்கு சொல்லப்போறே?"

"ஒரு வாளி எத்தனை நாளைக்குக் காணும்?"

"மூணு வாரம் தாராளமா."

"அதுக்கப்புறம்?"

சுமந்த் கையைக் கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான்.

"டிக்கெட்டைக் காட்டு."

சட்டைப் பையிலிருந்து எடுத்தான். சென்னைக்கு இரண்டு.

"திரும்பறதுக்கு?"

"அங்கே போய்ப் பாத்துக்கலாமேம்மா. இவ்வளவு பெரிய ஆத்துல நீ ஒத்தையா..."

"மூணு வாரத்துக்குத்தானே பண்ணிருக்கே. மூணு வாரம் வரேன்." குரலில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. "தம்பானூர் ஸ்டேஷன்ல கவுண்டர் திறந்திருக்கும். போய் எனக்குத் திரும்ப ஒண்ணு எடுத்துண்டு வா."

"சொன்னாக் கேக்கவே மாட்டே, அல்லே?"

"கேட்டுண்டுதானேடா வரேன்."

அவன் செருப்பைத் தேடினான். அவள் கிணற்றடியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, தொட்டியைச் சற்றே தூக்கி, கோடு வரைக்கும் நிரப்பினாள்.