தோள்பட்டையில் ஒரு மேடு

பதினொரு மணிக்கு நாற்பது பிள்ளைகள் நாரைக்கு அடியில் உட்கார்ந்து கதை கேட்கப்போகிறார்கள். எட்டே முக்காலுக்கு நான் சாரத்தின் உச்சியில் நின்று அந்த நாரையின் தோள்பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. வழவழவென்று இருந்தது. அப்படி இருக்கவே கூடாது.

நாரை என் அக்கா செய்தது. அவள் சிற்பி. நானூறு கிலோ எஃகுத் தகட்டை வெட்டி வளைத்து, மூன்று வருடம் உயிரைக் கொடுத்து உண்டாக்கினாள். நூலகத்தின் நடுக்கூடத்தில் அது ஒரே ஒரு கம்பியில் தொங்கி, வீசுகிற காற்றுக்குத் தானாகத் திரும்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். “நாலு பக்கம் இழுத்துக் கட்டினா அது நாரை இல்லடா, கொடியில காயிற போர்வை” என்றாள். நான் பொறியாளன். எது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு வரைபடம் கொடுப்பதும், முடிந்தபின் தாங்கும் என்று கையெழுத்துப் போடுவதும் என் பங்கு. கையெழுத்தைப் போன வாரமே போட்டாகிவிட்டது.

கம்பி வந்து மாட்டுகிற தகடு தோள்பட்டையில் வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அந்த வெல்டிங் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு மேடாக நிற்க வேண்டும். மொத்தப் பாரமும் அந்த மேட்டில்தான் இறங்குகிறது. இங்கே மேட்டைக் காணோம்.

“யாரு இங்க கிரைண்டர் போட்டு இழைச்சது?” என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

அக்கா கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். “நான்தான். ஏன்?”

“எதுக்கு?”

“எதுக்கா? புண்ணு ஆறின தழும்பு மாதிரி அசிங்கமா புடைச்சிட்டிருந்தது. மாடியில நிக்கிறவங்க கண்ணுக்கு நேரா வர்ற இடம்டா அது. ரெண்டு நாள் உக்காந்து இழைச்சேன்.”

இரண்டு நாள்! சும்மா இருந்திருந்தால் எனக்கு ஒரு நாள் ஆயுளாவது மிஞ்சியிருக்கும். சாரத்தைப் பிரிக்க வந்தவர்களை நிறுத்தினேன். நாரையின் வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டு, பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் மாட்டி, உத்தரத்திலிருந்து இறுக்கச் சொன்னேன். சங்கிலி கடகடவென்று ஏறியது. அந்தச் சத்தத்துக்கு நூலக அதிகாரி அறையைவிட்டு ஓடிவந்தார்.

“என்ன சார் இது? பதினோரு மணிக்குத் திறப்பு விழா.”

“தெரியும் சார். அரை மணி நேரம் கொடுங்க. அதுவரைக்கும் யாரும் அடியில வர வேண்டாம்.”

அக்கா சாரத்தில் ஏறி வந்தாள். ஐம்பது வயதுக்கு அவள் ஏறின வேகம் எனக்கு வராது. “மூணு நாளா தொங்குது. ஒண்ணும் ஆகலை. நீ சும்மா பயமுறுத்தாத” என்றாள். “உனக்கு நம்பிக்கை இல்லைன்னா நானே அடியில போய் நிக்கிறேன்.”

“நீ நின்னா இரும்பு மரியாதை கொடுக்குமாக்கும்!”

என் பையில் எப்போதும் மூன்று டப்பாக்கள் கிடக்கும். முதலாவது அழுக்கு எடுக்க. இரண்டாவது சிவப்புச் சாயம். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிவிடும். மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு மூன்றாவது டப்பாவில் உள்ள வெள்ளையை அடித்தால், உள்ளே போன சிவப்பு கசிந்து வெளியே வரும். அவள் பூசியிருந்த மெருகை நான் தின்னர் வைத்துத் தேய்த்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயம் அடித்தேன். அது உள்ளே இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்தோம். கீழே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வெல்டர் மட்டும் ஒரு தூணில் சாய்ந்து, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துடைத்தேன். வெள்ளை அடித்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. மூன்று நிமிடம், ஒன்றும் இல்லை. “பார்த்தியா?” என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் ஆசை. ஒன்றும் இருந்துவிடக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

நான்காவது நிமிடத்தில் தகட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைமுடி அளவுக்கு ஒரு கோடாக நீண்டது. விரல் நீளத்துக்குப் போய் நின்றது.

வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டவள் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு வாய் அடங்கவில்லை. “நாற்பது பிள்ளைங்க அக்கா! அழகு அழகுன்னு கடைசியில பிள்ளைங்க தலையில போட இருந்தியே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?”

“கேட்டேனே.”

கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இழைத்த அன்றே எனக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். தோள்பட்டை பளபளவென்று, மேடு இல்லாமல், நட்ட நடுவில். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டிருக்கிறாள். கீழே என் பதில்: ‘வெல்டிங் இருக்கிற இடமே தெரியலை. ரொம்ப அழகு.’

மறுநாள்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

பார்க்க வேண்டியவன் நான். ஒரு தடவையாவது தம்பியாக இல்லாமல் பொறியாளனாகப் பார்த்திருக்கலாம். வரைபடத்தில் ‘இந்த இடத்தை இழைக்கக் கூடாது’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதைக்கூட எழுத வேண்டுமா, யாருக்குத்தான் தெரியாது என்று விட்டவன் நான்.

சாரத்திலிருந்து குனிந்து அதிகாரியிடம் சொன்னேன். “இன்னைக்குத் திறக்க முடியாது சார். தப்பு என்னோடது. சரியா பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். பிள்ளைங்களை வேற அறையில உக்கார வைங்க. கையெழுத்துப் போட்ட தாளை எனக்குத் திருப்பிக் கொடுங்க.”

அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். ஆனால் போய்விட்டார்.

வெல்டர் ஏறி வந்து பெட்டியைத் திறந்தார். “இழைச்ச அன்னைக்கே சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்தது சார். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு விட்டுட்டேன்” என்றார்.

அக்கா சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து என்னிடம் நீட்டினாள். “எங்கெல்லாம் நான் கை வைக்கக் கூடாதோ, வட்டம் போடு.”

தோள்பட்டையில் போட்டேன். இறக்கையின் வேரில் ஒன்று. வயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் ஒன்று. சாரத்தில் நகர்ந்து நகர்ந்து போட்டுக்கொண்டே போனேன். பின்னாலேயே வந்து அவள் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். மொத்தம் பதினொன்று.

பக்கத்து அறையில் பிள்ளைகள் வந்து உட்கார்கிற சத்தம் கேட்டது.

“இதுல ஏழு இடத்தை இழைச்சிருக்கேன்டா” என்றாள் அக்கா.

சிவப்புச் சாய டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. “இன்னும் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க” என்று வெல்டரிடம் சொன்னேன்.