பன்னிரண்டாவது பலகை

மாடியைக் கூட்டிப் பெருக்கி, வெங்காயச் சாம்பாரும் கொதிக்கவிட்டு இறக்கியாயிற்று. இன்று கேட்டுவிட வேண்டும் என்று புவனேஸ்வரிக்குள் காலையிலிருந்தே ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

பெரம்பலூர் கடைத்தெருவில் அவள் அப்பா விட்டுப்போன வெங்காய மண்டி அது. எண்பது வருடத்துக் கட்டடம். கீழே கிடங்கு, மாடியில் அவள் தனியாக. இடித்துவிட்டு காம்ப்ளக்ஸ் கட்டலாம் என்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் கணவன் அறிவரசன் பாண்டிச்சேரியில் இன்ஜினீயர். கடற்கரைப் பக்கத்துப் பழைய கடைகளை இடிக்காமல் புதுப்பித்து, காபி கடையாகவும் துணிக்கடையாகவும் மாற்றித் தருகிறவன். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வருவான். மண்டியைப் புதுப்பிக்கிற வேலை வந்தால் ஊரோடு வந்துவிடுவான் என்று அவள் நம்பியிருந்தாள்.

அறிவரசன் கிடங்குச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"நல்லா நிக்குது புவனா. சுண்ணாம்புப் பூச்சு மட்டும் பண்ணுனா போதும். ஆனா இந்த வெங்காய வாடை போவாது. காபி குடிக்க வர்றவன் பஜ்ஜி கேப்பான்."

"கேட்டா போட்டுக் குடுங்க. நான் மாவு கரைச்சுத் தரேன்."

அவன் சிரித்தான். அவளுக்குத் தைரியம் வந்தது.

சுவரடியில் வரிசையாகப் பன்னிரண்டு காற்றுத் துவாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பலகை. வெயில் ஏறினால் திறக்க வேண்டும், மழை இருட்டினால் ஓடிவந்து மூட வேண்டும். இல்லாவிட்டால் வெங்காயம் அழுகிவிடும். வியாபாரம் நின்று மூன்று வருடமாகியும் அவள் அந்த வேலையை விடவில்லை. பாண்டிக்கே போய்விடலாமே என்று கேட்பவர்களிடம், "பலகைய யாரு மூடுறது?" என்பாள். அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்று சொல்வதைவிட அது சுலபம்.

"இதுக்கெல்லாம் கண்ணாடி போட்டுடலாம்," என்றான் அறிவரசன். "அப்புறம் யாரும் இங்க இருக்கத் தேவையில்ல."

"அப்ப நாம?"

"மாடியையும் வாடகைக்கு வர்ற கடைக்காரனே எடுத்துக்குவான். நீ குன்னத்துல ஒன் தம்பி வூட்டுல இருந்துக்கலாம்ல? துணையா இருக்கும்."

ஊரோடு வந்துவிடுகிறீர்களா என்று கேட்கத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள். கேட்காமலே பதில் வந்துவிட்டது.

"பதினொண்ணுக்குப் போடுங்க," என்றாள். "ஒண்ண விட்டுடுங்க. மாடிய நான் குடுக்க மாட்டேன்."

"மழை வந்தா?"

"நான் இருக்கேன்ல. மூடிக்கிறேன்."

"ஒன் இஷ்டம்" என்று நோட்டில் குறித்துக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை.

நாலு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பினான். சாம்பார் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வரவே, புவனேஸ்வரி கீழே இறங்கி ஒவ்வொரு பலகையாக மூடினாள். கடைசித் துவாரத்தின் முன் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் துளி உள்ளே தெறித்ததும் அதையும் மூடினாள்.