பன்னிரண்டு மணித் திசை

“ஒம்போது மணி. தண்ணில நிக்குற கம்பம்,” என்றாள் தங்கை.

அக்கா பைனாகுலரை இடப்பக்கம் திருப்பினாள். ஏரிக்கரைக் குளிரில் இருவரும் காதுவரை மூடியிருந்தார்கள். வருடத்தின் முதல் நாள். போன வருடம் பார்த்த பறவை எதுவும் இந்த வருடப் பட்டியலில் சேராது. காக்கையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முகத்துக்கு நேரே பன்னிரண்டு மணி, வலக்கையை நீட்டினால் மூன்று, இடக்கையை நீட்டினால் ஒன்பது. பறவையைக் கண்டவள் திசையை மட்டும்தான் சொல்வாள். பெயரை மற்றவள் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால்தான் அது பட்டியலில் ஏறும்.

கம்பத்தின் மேல் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. ஆனால் இருபுறமும் விரிந்திருந்தது. நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஊறிவிடும். முங்கி எழுந்தால் சிறகை விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும்.

“நீர்க்காகம்.”

“சரி. இதோட பதினோரு பறவை.”

பதினொன்றையும் அக்கா இப்படி அசைவை வைத்தேதான் ஒப்பேற்றியிருந்தாள். வால் ஆடினால் வாலாட்டி, அந்தரத்தில் நின்று செங்குத்தாக விழுந்தால் மீன்கொத்தி. கண்புரை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் பால் கலந்தது போல ஆகிவிட்டது என்று டாக்டர் அவளிடம் சொல்லி இரண்டு மாதம். வெளிச்சம் நேராக உள்ளே போகாமல் சிதறுகிறது. தாழ்ந்த குளிர்காலச் சூரியன் தண்ணீரில் பட்டுத் தெறித்தால் எல்லாமே வெள்ளை. பைனாகுலர் அந்த மங்கலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டியது. அதன் கண்ணாடியை மறுபடி துடைத்தாள்.

“தொடச்சுத் தொடச்சே கண்ணாடிய ஓட்டையாக்கிடுவ போல,” என்றாள் தங்கை.

அக்கா சிரித்து வைத்தாள். திங்கட்கிழமை அவளைப் போன்ற பஸ் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. தோற்றால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டிக்கெட் அறையில் உட்கார வைப்பார்கள். ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும்போது அவள் வண்டி வேறொருவர் கையில் இருக்கும். பத்தொன்பது வருடமாக ஓட்டும் தடம். எந்தத் திருப்பத்தில் எந்தப் பள்ளம் என்று காலே அறியும். சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

“பன்னெண்டு மணி. நாணல் ஓரம்.”

நேரே பார்த்தாள். வெள்ளைக்குள் வெள்ளை. ஆழமில்லாத தண்ணீர், காலை நேரம், நாணல். அங்கே வேறு எது நிற்கும்?

“கொக்கு.”

பென்சில் நகரும் சத்தம் கேட்கவில்லை. தங்கை நோட்டை மூடினாள்.

“அங்க ஒண்ணுமே இல்லக்கா. சும்மாதான் சொன்னேன்.”

அக்கா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“எப்பலேர்ந்து சந்தேகம்?”

“கார்ல வர்ற வழியில. ஒருத்தன் சைக்கிளத் தள்ளிட்டு ரோட்டக் கடந்தான். நான் கத்தினப்புறம்தான நீ பிரேக்க மிதிச்ச.”

“வெயில் கண்ணுல அடிச்சுது.”

“பஸ்ல நாப்பது பேர் பின்னாடி உக்காந்திருப்பாங்க. கத்துறதுக்கு நான் இருக்க மாட்டேன்.”

பதில் சொல்ல வாயெடுத்தபோது ஏரி மொத்தமும் படபடத்தது. ஏதோ ஒரு கூட்டம் நீரைக் கீறிக்கொண்டு எழும்பியது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம் துண்டு துண்டாகக் கிழிந்து மேலே போவதுதான். வாத்து என்று அடித்துவிடலாம்; பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தங்கை திசை சொல்லவில்லை.

அக்கா பைனாகுலரை இறக்கினாள். “எனக்குத் தெரியலடி,” என்றாள். “என்னது அது?”

தலைக்கு மேலே சிறகுச் சத்தம் வட்டமடித்துத் தாழ்ந்தது. எங்கே இறங்கப் போகிறது என்று தெரியாமல், வெறும் கண்ணோடு அண்ணாந்து நின்றாள்.